நாளுக்கு ஒரு பச்சைக் கோடு: பிரான்ஸின் உட்புறச் சாலைகளுக்கு ஒரு பயணத் திட்டம் போட்ட அனுபவம்

பாரிஸின் வடக்குப் புறநகரில் கிளம்பி, நாட்டின் நடுவிலிருக்கும் மசிஃப் சாந்த்ரால் மலைப்பகுதிக்குள் புகுந்து இறங்கி, தெற்கே உசேஸ் ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் போய் நிற்கும் ஒரு கார்ப் பாதையை இந்த ஜூனில் ஓட்டி முடித்தோம். போகிற வழி மட்டும் சுமார் 1,120 கிலோமீட்டர். நேர் நெடுஞ்சாலையில் போனால் ஏழு மணி நேரத்தில் சேரக்கூடிய ஊருக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் ஏறக்குறையத் திட்டம் சொன்னபடியே நடந்தது. அந்தத் திட்டத்தை எப்படிக் கட்டினேன், எங்கே இடித்தது, என்ன செலவானது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை வரைபடம். கைப்பேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அழகான சாலை எது என்று கைப்பேசி சொல்லாது. மிஷ்லான் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் சில சாலைகளின் ஓரமாகப் பச்சைக் கோடு ஓடும். காட்சி நன்றாக இருக்கும் சாலை என்பதற்கான அடையாளம் அது. 1:1,50,000 அளவுள்ள மாவட்ட வரைபடங்களில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர். எங்கள் பாதைக்கு ப்வி-த-தோம், கன்டால்–லொசேர், அவெரோன், கார் (Gard) ஆகிய பகுதிகளுக்கு நான்கு தாள்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் எட்டு யூரோ அளவில் வந்தது.

முன்பே கையில் ஒரு பழைய வரைபடம் இருந்தது, தெருச் சந்தையில் ஒரு யூரோவுக்கு வாங்கியது. அதை வைத்துத்தான் முதலில் கோடு போட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்திலேயே குழப்பம். 2006 வாக்கில் பல தேசியச் சாலைகள் மாவட்ட நிர்வாகங்களின் கைக்கு மாறி, எண்களும் மாறிவிட்டன. பழைய தாளில் 'என் 9' (N 9, 'என்' என்றால் தேசியச் சாலை) என்று இருப்பது இன்று கன்டாலில் 'டி 909', அவெரோனில் 'டி 809' ('டி' என்றால் மாவட்டச் சாலை). தார்ன் ஆற்றின் மேல் போகும் மியோ நெடுஞ்சாலைப் பாலமே அந்தத் தாளில் இல்லை, ஏனென்றால் அது திறந்தது 2004 டிசம்பரில். பழைய வரைபடம் சுவரில் மாட்ட அழகு. பாதை போட வேண்டுமென்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து, ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் குறித்தேன். 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கம் 1982 முதல் இயங்குகிறது. மக்கள்தொகை 2,000-க்கு மேல் போகாத, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் குறைந்தது இரண்டு உள்ள ஊர்களுக்குத்தான் அதில் இடம். அந்தப் பட்டியலில் எங்கள் வழிக்குப் பக்கத்தில் இருந்தவற்றை எல்லாம் ஊசியால் குத்தினேன். எரிமலைகள், ஏரிகள், குகைகள், ரொதெஸ் அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஊசிகளை நூலால் இணைத்தபோது, பாதை வெள்ளாவிக்குப் போன துணிபோல் மடிந்து மடிந்து கிடந்தது. ஒவ்வொரு ஊருக்கும் இருபது நிமிடம் வைத்தால்கூட, காலையில் ஏறி இரவில் இறங்கும் ஓட்டம்தான் மிஞ்சும். அந்த வரைவை அப்படியே தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட விதிதான் கடைசிவரை காப்பாற்றியது: ஒரு நாளுக்கு ஒரு பச்சைக் கோட்டுச் சாலை. அன்றைக்கு அதுதான் முக்கிய விருந்து. மீதித் தூரம் எல்லாம் அந்தச் சாலையின் வாசலுக்குக் கொண்டுபோய் விடவும், முடிந்த பிறகு படுக்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் மட்டுமே. அவை சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, விரைவாக இருந்தால் போதும். பாரிஸிலிருந்து கிளெர்மோன்-ஃபெரான் வரையிலான 425 கிலோமீட்டரை அதனால்தான் சுங்கச் சாலையிலேயே கழித்தோம். அங்கே சிறு சாலையில் போய்ச் சேமிக்கும் 40 யூரோவுக்காக மலையில் ஒரு முழு நாளை இழக்க வேண்டியிருக்கும்.

தூரம் அளப்பதில் கொஞ்சம் மெனக்கெட்டேன். முதலில் தையல் நூல். ல ரோசியேவிலிருந்து சேன்த்-எனிமி வரை தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையின் மேல் நூலை வைத்து, வளைவுக்கு வளைவு விரலால் அழுத்திக்கொண்டே போனேன். 22 செ.மீ. வந்தது, அதாவது 33 கி.மீ. வரைபடத்திலேயே சந்திப்புக்குச் சந்திப்பு அச்சிட்டிருக்கும் எண்களைக் கூட்டினால் 36. சின்னச் சின்ன வளைவுகளை நூல் விழுங்கிவிடுகிறது. சக்கரத்தை உருட்டி அளக்கும் சிறு கருவி பதினைந்து இருபது யூரோவுக்குக் கிடைக்கிறது, ஆனால் தேவைப்படவில்லை. அச்சிட்ட எண்களைப் பென்சிலால் கூட்டுவதே சரி.

தூரத்தைவிட முக்கியம் வேகம். கைப்பேசி காட்டும் நேரம் நிற்காமல் ஓட்டுபவருக்கானது. நான் எனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: சுங்கச் சாலையில் சராசரி மணிக்கு 105 கி.மீ., வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் பெரிய சாலையில் 65, மஞ்சளாக இருக்கும் சிறிய சாலையில் 50, பச்சைக் கோட்டு மலைச்சாலையில் 35, ஆற்றுப் பள்ளத்தாக்கில் 30. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளுக்கு 2018 ஜூலையில் வேக வரம்பை 80 ஆக்கினார்கள். பிறகு சில மாவட்டங்கள் தங்கள் சாலைகள் சிலவற்றில் 90-க்குத் திரும்பிவிட்டன. ஆகவே பலகையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மலையில் இந்த வரம்பு எதையும் எட்டவே முடியாது என்பது வேறு விஷயம். வரைபடத்தில் சாலை மேல் விழும் அம்புக்குறிகளையும் பார்க்க வேண்டும். ஓர் அம்பு 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு 9 முதல் 13, மூன்று அதற்கும் மேல். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம்.

இந்தக் கணக்குப்படி, சக்கரம் சுழல்வது நாளுக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தேன்.

இனி நாள்காட்டி. இதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் போட்டேன். உசேஸ் சந்தை சனிக்கிழமை. ஃப்ளொராக் சந்தை வியாழக்கிழமை காலை. இந்த இரண்டும் அசைக்க முடியாத ஆணிகள். அப்படியானால் புதன் இரவு ஃப்ளொராக்கில் படுக்க வேண்டும், புதன் பகல் தார்ன் பள்ளத்தாக்கு, செவ்வாய் இரவு மியோ, திங்கள் இரவு லாயோல், ஞாயிறு இரவு சலேர்ஸ். திங்கட்கிழமை கிராமப்புற உணவகங்களில் பாதி மூடியிருக்கும். திறந்திருந்தாலும் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான், இரண்டே காலுக்குப் போய் நின்றால் காப்பிதான் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் கிடையாது. ஆகையால் ஞாயிறு இரவுக்கு, வீட்டுக்காரரே சமைத்துப் போடும் தங்கும் வீடாகத் தேடினேன். திங்கள் மதியத்துக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலைப் புட்டியில் எடுத்துப் போயிருந்தோம், சோறு மட்டும் சலேர்ஸ் வீட்டு அடுப்படியில் வடித்துக்கொண்டோம். மனைவி சைவம் என்பதால் இது வசதி மட்டுமில்லை, அவசியமும்கூட. அந்தப் பக்கத்தில் இறைச்சி இல்லாமல் வயிறு நிறைக்கும் ஒன்று உண்டென்றால் அது அலிகோ. உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு நூல் நூலாக இழுபடும் வரை கிண்டுவார்கள். பக்கத்தில் வைக்கும் தொத்திறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏன் ஜூன்? கன்டாலில் பா த பெய்ரோல் கணவாய் 1,589 மீட்டர் உயரம், மசிஃப் சாந்த்ராலில் காரில் ஏறக்கூடிய கணவாய்களில் மிக உயரமானது. குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும், சில ஆண்டுகளில் மே வரை திறக்காது. ஜூலை முதல் வாரத்தில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், பிறகு பள்ளத்தாக்குகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. நடுவில் மிஞ்சுவது ஜூன்தான். அரசின் பிசோன் ஃபுத்தே போக்குவரத்து முன்னறிவிப்பு நாள்காட்டியில் நாங்கள் கிளம்பிய சனிக்கிழமை பச்சை, அதாவது வழக்கமான போக்குவரத்து. ஆகஸ்ட் தொடக்கச் சனிக்கிழமைகளுக்கு அதே நாள்காட்டி கறுப்பு நிறம் அடிக்கும். மாலை ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதும் ஜூனின் பெரிய லாபம்.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை போகிறவர்கள் கவனிக்க: மலைப்பகுதிகள் பலவற்றில் குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் போகக் கூடாது.

திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சாலையை எந்தத் திசையில் ஓட்டுவது என்று முடிவு செய்தது. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, வரைபடத்தின் மேல் குனிந்து கிடந்தபோது தோன்றியது. தார்ன் பள்ளத்தாக்குச் சாலை டி 907பி ஆற்றின் வலக்கரையில் போகிறது. பிரான்ஸில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆறு ஓடும் திசையில், அதாவது சேன்த்-எனிமியிலிருந்து கீழே இறங்கினால், நாம் பாறையை ஒட்டி வருவோம். ஆற்றைப் பார்க்க எதிர் வண்டிகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும், வண்டியை ஒதுக்கி நிறுத்தவும் எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும். கீழிருந்து மேலே ஏறினால் ஆறு நம் வலது கதவுக்கு வெளியே. ஒதுங்கும் இடங்களும் நம் பக்கம். அத்துடன் ஆறு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வருகிறது. மதியத்துக்குப் பிறகு மேல்நோக்கிப் போனால் வெயில் முதுகில், எதிரே இருக்கும் சுண்ணாம்புப் பாறை முழுக்க வெளிச்சத்தில். முதல் வரைவில் இந்தச் சாலையைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். மியோவை முன்னால் வைத்து முழுப் பாதையையும் திருப்பியது இதற்காகத்தான்.

அதே கணக்கை மற்ற இடங்களிலும் போட்டேன். கோங்க் மடாலயக் கோயிலின் நுழைவாயில் மேல் இருக்கும் கடைசித் தீர்ப்புச் சிற்பம் மேற்குப் பார்த்தது, மாலையில்தான் முகங்கள் தெரியும். செவென் மலை முகட்டுச் சாலை ஃப்ளொராக்கிலிருந்து தென்கிழக்காக இறங்குகிறது, காலையில் போனால் கண் கூசும், மாலையில் சுகம்.

பாதை உறுதியானதும் அட்டைகள் தயாரித்தேன். பாதி ஏ4 அளவு, தடித்த அட்டை. ஒரு பாதைத் துண்டுக்கு ஓர் அட்டை. அதில் சாலை எண்ணை மட்டும் எழுதினால் போதாது. பிரான்ஸின் பலகைகள் ஊர்ப் பெயரைத்தான் பெரிதாகச் சொல்லும், எண் ஓரத்தில் சின்னதாக இருக்கும், மாவட்ட எல்லை தாண்டினால் எண்ணே மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையில் தேட வேண்டிய அடுத்த ஊரின் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை அட்டை இப்படி இருந்தது:

"சலேர்ஸ் – டி 680 – பெயர்: ப்வி மரி. நெரோன் கணவாய் தாண்டி ஏற்றம். 20 கி.மீ. கணவாயில் 10:30-க்குள். இறக்கம்: தியென், முரா. 23 கி.மீ. மதியம்: புளியோதரை. பெட்ரோல்: சேன்-ஃப்ளூர் சூப்பர்மார்க்கெட். கராபி: அதிகபட்சம் 40 நிமிடம். ஷோத்-ஏக், பிறகு டி 921 லாயோல். கடைசி நேரம் 18:30."

கடைசி வரிதான் மனைவியின் கையிலிருந்த ஆயுதம். வழிகாட்டும் இருக்கையில் அவர்தான். "இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் கிளம்பறோம்" என்று அட்டையைத் தட்டிக் காட்டினால் மறுபேச்சு கிடையாது.

கைப்பேசி வழிகாட்டியையும் விடவில்லை, ஆனால் அதற்குக் கடிவாளம் போட வேண்டும். ஊர் பெயர் மட்டும் கொடுத்தால் விரைவான சாலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் பச்சைக் கோட்டுச் சாலையின் நடுவில், சந்திப்பைத் தாண்டிச் சாலை மேலேயே ஒரு புள்ளியைக் குத்தி வைத்தேன். ஒரு துண்டுக்கு மூன்று நான்கு புள்ளிகள் போதும். ஊர் மையத்தில் குத்தினால் குறுகிய கல்பாவிய சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டிலேயே முழுப் பகுதியையும் இணையமில்லாமல் பார்க்கும்படி பதிவிறக்கிக்கொண்டேன், பள்ளத்தாக்குகளுக்குள் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருந்தது.

தங்கும் இடத்துக்குப் பெரிய ஓட்டல் தேடவில்லை. கிராமப்புறத்தில் ஷாம்ப்ர் தோத் என்கிற வீட்டு அறைகள் நிறைய. சட்டப்படி ஒரு வீட்டில் ஐந்து அறைக்கு மேல் விட முடியாது, காலை உணவும் வாடகைக்குள் அடக்கம். இரண்டு பேருக்கு 75-லிருந்து 95 யூரோ. தொலைபேசியில் கேட்க வேண்டியது மூன்று: எத்தனை மணிக்கு முன் வர வேண்டும், இரவு உணவு உண்டா, அந்த வாரத்தில் ஊர் பேக்கரி எந்த நாள் மூடும். கடைசிக் கேள்விக்கு எல்லோருமே உற்சாகமாகப் பதில் சொன்னார்கள்.

இனி சாலையில் நடந்தது.

சனி, ஞாயிறு பற்றி அதிகம் சொல்ல இல்லை. ப்வி-த-தோம் எரிமலை உச்சிக்குக் கார் போகாது, 2012 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன், சரியாக இருந்தது. 1,465 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் எரிமலை வாய்கள் வடக்கும் தெற்குமாக வரிசை கட்டி நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வரிசை அது. அங்கிருந்து கெரி கணவாய் வழியாக சலேர்ஸ்.

திங்கட்கிழமை கணக்கு கச்சிதம். சலேர்ஸிலிருந்து கணவாய் வரை மணிக்கு 35 கி.மீ. வேகம் என்று போட்டது சரியாகவே வந்தது. கடைசிப் பகுதியில் அம்புகள் நெருக்கமாக விழுந்திருக்கும், இரண்டாவது கியரிலேயே ஏறினோம். இறக்கத்திலும் அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாடை வரும், பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டலும் வரும். கணவாயிலிருந்து ப்வி மரி உச்சிக்கு (1,783 மீ.) படிக்கட்டுப் பாதை உண்டு. ஏறிவிட்டு இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேலே நின்றால் பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாலா பக்கமும் பிரிந்து போகின்றன. கராபிப் பாலம் ஐஃபல் நிறுவனம் 1884-இல் முடித்த இரும்பு ரயில் பாலம். ஏ 75 நெடுஞ்சாலையின் ஓய்விடத்திலிருந்தே தெரியும். ஆனால் கீழே இறங்கி நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். 165 மீட்டர் அகல வளைவு, ஆணிக்கு ஆணி எண்ணிவிடலாம் போலத் தெளிவாக நிற்கிறது. ஷோத்-ஏக்கில் 82 டிகிரி வெந்நீர் ஊற்றுக்கு முன் காரை நிறுத்திக் கை நனைத்துக்கொண்டோம். ஊற்றிலேயே கை வைக்காமல், சற்று ஆறி ஓடும் இடத்தில்.

செவ்வாய்தான் இடித்தது. தாளில் அந்த நாள் ஒழுங்காகத் தெரிந்தது: லாயோலிலிருந்து எஸ்பாலியோன், எஸ்தேன், ஆந்த்ரேக் வழியாகக் கோங்க் 78 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரம். கோங்கிலிருந்து ரொதெஸ் வழியாக மியோ 108 கி.மீ., ஒரு மணி ஐம்பது நிமிடம். மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள். லாயோலில் கத்திப் பட்டறையில் ஒருவர் கைப்பிடிக் கொம்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதைப் பார்த்து நின்றதில் கிளம்பப் பதினொன்று. ஆந்த்ரேக்குக்குப் பிறகு சாலை மூடியிருந்தது, மஞ்சள் மாற்றுவழிப் பலகைகள் எங்களை மலை மேல் ஏற்றி இறக்கியதில் நாற்பது நிமிடம் போயிற்று. கோங்கில் நிறுத்தியபோது மணி ஐந்து. அந்தச் சிற்பத்தின் மேல் வெயில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே 1994-இல் பியேர் சூலாஜ் வடிவமைத்த 104 சன்னல்கள். நிறமே இல்லாத கண்ணாடி, பால்போல வெளிச்சத்தை வடிகட்டி இறக்குகிறது. அங்கிருந்து எழுந்து வர யாருக்கு மனம் வரும்? ஆறேகாலுக்குக் கிளம்பி, ரொதெஸில் அலுவலகம் விட்ட நெரிசலையும் கடந்து மியோ சேர எட்டரை. தங்கும் வீட்டில் எட்டு மணியோடு சமையல் முடிந்துவிட்டது. ரொட்டியும் மீதிப் பாலாடைக்கட்டியும் இரவு உணவாயின.

பிழை மாற்றுவழியில் இல்லை. நாளின் சிறந்த இடத்தை மாலையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு மணி நேர ஓட்டத்தைப் போட்டதுதான் கோளாறு. நான்கு மணி நேர வரம்போடு இன்னொரு விதியும் தேவை: அன்றைய கடைசி நிறுத்தத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் முக்கால் மணிக்கு மேல் சாலை இருக்கக் கூடாது. அடுத்த முறை கோங்கிலேயே இரவு. மறுநாள் காலை மியோவுக்கு வந்தாலும் தார்ன் பள்ளத்தாக்கு மதியத்துக்குமேல்தானே.

புதன் காலை மியோ பாலத்தைக் கீழிருந்து பார்த்தோம். பாலத்தின் மேல் போகச் சுங்கம் பத்து யூரோவுக்கு மேல், கோடையில் கூடும். ஆனால் மேலே போகிறவருக்குப் பாலம் தெரியாது. ஆற்றங்கரையில் பாறைக்குள் குடைந்த கோயில் உள்ள பெய்ர் கிராமத்திலிருந்து பார்த்தால் 2,460 மீட்டர் நீளமும் கண்ணில் அகப்படும். மிக உயரமான தூணும் அதன் மேல் நிற்கும் கம்பமும் சேர்ந்து 343 மீட்டர்.

மதியம் ஒரு மணிக்குப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். திசைக் கணக்கு பலித்தது. ஆறு வலது கதவின் அடியில், பச்சைக் கண்ணாடிபோல அடிக்கல் தெரிய ஓடிற்று. எதிரே மஞ்சளும் சாம்பலுமான பாறைகள் முழு வெளிச்சத்தில். தலைக்கு மேல் பாறை கவிந்து வரும் இடங்களில் உயரமான முகாம் வண்டிகள் சாலை நடுவுக்கு வந்துவிடும், வளைவுக்கு முன்பே மெதுவாக்க வேண்டும். லே வீஞ் ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போன் சுப்லீம் காட்சிமேடை போய்விட்டுத் திரும்பினோம். அதற்கு ஒன்றரை மணி, அட்டையில் ஒரு மணிதான் போட்டிருந்தேன். அங்கே கழுகுகள் நம் கால் மட்டத்துக்குக் கீழே வட்டமிடுகின்றன. இந்தப் பகுதியில் அற்றுப்போயிருந்த பிணந்தின்னிக் கழுகுகளை 1981 முதல் மறுபடி விட்டு வளர்த்திருக்கிறார்கள். மியோ – ஃப்ளொராக் 85 கி.மீ. தூரத்துக்கு மொத்தமாக ஏழு மணி நேரம், ஒரு நிமிடம்கூட வீணில்லை.

வியாழன் காலை சந்தையில் வாங்கிய செர்ரிப் பழத்தோடு மாலை நான்கு மணிக்குச் செவென் முகட்டுச் சாலையைப் பிடித்தோம். சேன்-ழான்-து-கார் வரை 53 கி.மீ. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரட்டஸ்தாந்துக் கிளர்ச்சிக்காரர்களை அடக்க அரசப் படைகள் நகர வேண்டும் என்று போட்ட வழி. பள்ளத்தாக்கில் இறங்காமல் முகட்டிலேயே ஓடுவதன் காரணம் அதுதான். வலப்புறம் எகுவால் மலை, இடப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகும் மலைவரிசைகள், சாலையோரம் செஸ்ட்நட் மரங்கள். என் கணக்கில் ஒன்றரை மணி, ஆனது மூன்று. நிறுத்த இடம் தாராளமாக இருப்பதால் நிறுத்திக்கொண்டே வருவோம், அதற்கும் இடம் விட வேண்டும்.

வெள்ளி ஆந்தூஸ் மூங்கில் தோட்டம், 1856-இல் தொடங்கியது. சனிக்கிழமை உசேஸ் சந்தைக்கு எட்டரைக்கே போய்விட்டதால் ஊருக்கு வெளியே அலையாமல் நிறுத்த இடம் கிடைத்தது. பத்து மணிக்கு அது முடியாது. அன்று மாலை போன் து கார், ரோமானியர்களின் கால்வாய்ப் பாலம். உசேஸ் ஊற்று நீரை நீம் நகருக்குக் கொண்டுபோன ரோமானியர்கள், நேராக 20 கி.மீ. இருக்கும் இடத்துக்கு 50 கி.மீ. கால்வாய் வெட்டினார்கள். மொத்த இறக்கம் 12 மீட்டர் சொச்சம்தான். அந்த மெல்லிய சரிவு குலையக் கூடாது என்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறார்கள். ஒரு வாரமாகப் பென்சிலோடு சரிவும் தூரமும் கூட்டிக்கொண்டிருந்தவனுக்கு, 49 மீட்டர் உயர அந்தப் பாலத்தைவிட இந்தக் கணக்குதான் பிரமிப்பாக இருந்தது.

திரும்பும்போது அலேஸ், மாந்த் வழியாக ஏ 75-ஐப் பிடித்தோம். மியோ பாலத்தைத் தவிர அந்தச் சாலையில் சுங்கமே இல்லை, கிளெர்மோனுக்கு வடக்கேதான் மறுபடி ஆரம்பிக்கிறது.

செலவு: அலைச்சல் எல்லாம் சேர்த்து 1,950 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர், லிட்டர் சராசரி 1.75 யூரோ, ஆக பெட்ரோல் 220 யூரோ. சுங்கம் போக வர 80. வரைபடங்கள் 32. மதிய உணவு ஆளுக்கு 15 முதல் 18. பெட்ரோலை எப்போதும் சூப்பர்மார்க்கெட் பங்கில் போட்டோம், அரை டாங்க் ஆனதும் நிரப்பிவிடுவது என்று விதி. ஆளில்லா பங்குகள் முதலில் கார்டில் நூறு யூரோவுக்கு மேல் பிடித்து வைத்துவிட்டுப் பிறகுதான் சரியான தொகையை எடுக்கும். கார்டின் வார வரம்பு குறைவாக இருந்தால் கிளம்பும் முன் கூட்டிவிட வேண்டும்.

கிராமங்களுக்குள் ஒரு எச்சரிக்கை: மஞ்சள் சாய்சதுரப் பலகை இல்லாத இடத்தில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அந்தச் சந்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்த முறைக்கு மாற்றியிருப்பவை: கோங்கில் ஓர் இரவு. மலைமேல் காட்சிமேடைகளுக்கு ஒன்றரை மணி. முகட்டுச் சாலைக்கு 35 இல்லை, நிறுத்தங்களையும் சேர்த்து 20 என்ற வேகம். கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்தந்த மாவட்டத்தின் சாலை நிலவரப் பக்கத்தைப் பார்த்து, மூடிய சாலையை அட்டையில் சிவப்பில் அடிப்பது. ஊர் பேக்கரியின் மூடும் நாளை அட்டையின் பின்பக்கம் எழுதாமல் முன்பக்கம் எழுதுவது. திங்கட்கிழமைக்குப் புளிக்காய்ச்சல் இன்னும் ஒரு புட்டி.